இணைப்புச் சொல்லும் எச்சமும்

ஆங்கிலத் தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் காணும் காட்சி ஒன்றுண்டு. இரண்டு சிறுதொடர்களைக் கொடுத்து அவற்றை ஒரே தொடராக இணைக்குமாறு வினாத்தாள் கேட்கும். தமிழ் மாணவன் முதற்றொடரை எழுதுவான். ஒரு காற்புள்ளி இடுவான். இரண்டாந் தொடரையும் அப்படியே எழுதி முடிப்பான். அல்லது, ஓர் இணைப்புச் சொல் போதும் என்னும் இடத்தில் இரண்டு சொற்களைப் பெய்வான். அல்லது, 'பிகாசு' என்னும் சொல்லைத் தலையில் வைத்து, முடியாத தொடரை முடிந்த தொடர்போல் நிறுத்தி முற்றுப்புள்ளி இடுவான். சிவப்பு மை பாயும், மதிப்பெண் குறையும், 'இவனுக்கு ஆங்கிலம் வராது' என்னும் தீர்ப்பும் அன்றே எழுதப்பட்டுவிடும்.

இத் தீர்ப்பு முறையற்றது. அம் மாணவன் மூடன் அல்லன். அவன் செய்த பிழை ஒவ்வொன்றிற்கும் கரணியம் உண்டு; அக் கரணியம் அவன் தாய்மொழியின் அமைப்பிலும், அதனைக் கருதாது ஆங்கிலம் கற்பிக்கும் முறையிலும் உள்ளது. தமிழின் தொடரமைப்பு வேறு, ஆங்கிலத்தின் தொடரமைப்பு வேறு என்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. எடுத்துரைத்திருப்பின், தமிழிலக்கண வகுப்பில் அவன் முன்னரே கற்ற எச்சமே ஆங்கிலத்திற்கும் திறவுகோலாய் அமைந்திருக்கும்.

முதற்கண் ஆங்கிலத்தின் நெறியைக் காண்க. ஓர் எழுவாயும் ஒரு பயனிலையும் கொண்டு பெருந்தொடரின் உறுப்பாய் நிற்பது கிளவியம். ஒரே கிளவியத்தால் அமைவது தனித்தொடர். தம்முள் ஒத்த தகுதியுடைய இரண்டு கிளவியங்கள் இணைவது கூட்டுத்தொடர். ஒன்று தலைமையாகவும் மற்றொன்று அதனைச் சார்ந்ததாகவும் இணைவது கலவைத்தொடர். கூட்டுத்தொடரை அமைக்க ஆங்கிலத்தில் பயிலும் இணைப்புச் சொற்கள் ஏழே: அண்ட், பட், ஆர், நார், ஃபார், யெட், சோ. இவை இரு கிளவியங்களுக்கும் நடுவே நிற்கும், எதனையும் தாழ்த்தா. கலவைத்தொடரை அமைக்கும் சொற்களோ பலவாம். பிகாசு, ஆல்தோ, வென், இஃப், தட், ஊ, விச் முதலியன சார்பு கிளவியத்தின் தலையில் ஏறி நின்று, 'இது தனித்து நிற்கலாகாது' என்று அதற்கு விலங்கிடும். அவ்வாறு விலங்கிடப்பட்ட கிளவியம் பெயர்போல் நிற்கலாம், பெயருக்கு அடையாகலாம், வினைக்கு அடையாகலாம். ஆகச் சார்பு கிளவியம் மூவகைத்து.

இனித் தமிழின் நெறியைக் காண்க. தமிழ்த்தொடரில் முற்றுவினை இறுதியில் ஒன்றே நிற்கும். அதற்கு முன்வரும் வினைகளெல்லாம் தம் முற்றுத்தன்மையை விட்டு எச்சமாகும். பெயரை நோக்கி நிற்பது பெயரெச்சம். வினையை நோக்கி நிற்பது வினையெச்சம். 'மழை பெய்தது, பயிர் செழித்தது' என்னும் இரண்டையும் இணைக்கத் தமிழன் வெளியிலிருந்து ஒரு சொல்லைத் தேடுவதில்லை. 'மழை பெய்யப் பயிர் செழித்தது' என்பான். நிலைமை கூறின் 'பெய்யின் செழிக்கும்' என்பான். ஏது கூறின் 'பெய்ததால் செழித்தது' என்பான். மறுதலை கூறின் 'பெய்தும் செழித்திலது' என்பான். வினையின் ஈறே இணைப்பாகிறது. இவ் வாய்பாடுகளைத் தொல்காப்பியர் வகுத்தார். பவணந்தியார் பன்னிரண்டாக எண்ணிக் காட்டினார்.

வேறுபாடு இப்பொழுது விளங்கும். ஆங்கிலத்தில் இணைந்த பின்னும் கிளவியம் ஒவ்வொன்றும் தன் முற்றுவினையைக் காக்கும். இணைப்பது வெளியே நிற்கும் சொல். தமிழில் இணைவதற்காகவே வினை தன் முற்றை விடும். இணைப்பது உள்ளே நிற்கும் ஈறு. ஆங்கிலத்தில் தலைமைக் கிளவியம் பெரும்பாலும் முன்னே நிற்கச் சார்பு பின்னே தொங்கும். தமிழில் சார்பெல்லாம் முன்னே நடக்கத் தலைமை இறுதியில் வந்து தொடரை முடிக்கும். 'மாடு விற்ற உழவனை யான் கண்டேன்' என்பதனை ஆங்கில வரிசையில் நிறுத்தினால், 'யான் கண்டேன் உழவனை, யார் விற்றான் மாட்டை' என்றாகும். தமிழ்ச் செவிக்கு இஃது எத்துணை மாறானதோ, அத்துணை மாறானதே அவ் வரிசை தமிழ்ச்சிறுவனின் உள்ளத்திற்கும். இவ் வேறுபாட்டை மேனாட்டு மொழிநூலாரும் உணர்ந்திருந்தனர். திரவிட மொழிகளில் இணைப்பு மாற்றுப்பெயர்க்கு ஈடாகப் பெயரெச்சமே வழங்குவதைக் கால்டுவெல் தம் ஒப்பியல் இலக்கணத்தில் 1856-இலேயே எடுத்துக்காட்டினார். அவர் கண்டதனை இன்றைய பள்ளி காணவில்லை.

ஆங்கிலக் கலவைத்தொடர் உயர்ந்த அறிவின் அடையாளம் என்றும், எச்சத்தால் தொடுக்கும் மொழி அந் நுட்பத்திற்குப் போதாது என்றும் கூறுவார் உளர். அவர் ஆங்கிலத்தின் வரலாற்றையும் அறியாதவரே. பழைய ஆங்கிலத்தில் பெயரடைக் கிளவியத்தை இணைத்தவை ஒரு சிறு இடைச்சொல்லும் சுட்டுச்சொல்லுமே. 'ஊ', 'விச்' என்னும் வினாச்சொற்கள் இணைப்புத் தொழிலை ஏற்றுப் பரவியது இடைக்கால ஆங்கிலத்தில். இலத்தீனும் பிரெஞ்சும் அதற்குத் துணைநின்றன. 'பிகாசு' என்பது ஆங்கில முன்னிடைச்சொல் ஒன்றும், பிரெஞ்சு வழி வந்த 'ஏது' எனப் பொருள்படும் சொல் ஒன்றும் புணர்ந்து உருவானது. 1611-இல் வெளிவந்த ஆங்கிலத் திருமறை மொழிபெயர்ப்பில் தொடர்தோறும் 'அண்ட்' அடுக்கி வருவது எபிரேய மூலத்தின் நடையைப் பின்பற்றியதால். ஆங்கிலம் தனக்கு வேண்டியதைப் பிற மொழிகளிடம் பெற்றுக்கொண்டது, அது குறையன்று. தமிழுக்கோ அத் தேவை எழவில்லை. எச்சம் என்னும் செல்வம் தொடக்கமுதல் அதன் வீட்டிலேயே இருந்தது. இரண்டும் இருவேறு வழிகள். ஒன்று உயர்வும் மற்றொன்று தாழ்வும் அல்ல.

இனி மாணவன் செய்யும் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குக.

முதலாவது, காற்புள்ளியால் மட்டும் இரு கிளவியங்களை ஒட்டுவது. தமிழ் ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் நிறுத்தக்குறியே இல்லை. இருந்தும் படிப்பவர் இடர்ப்படவில்லை. முற்றுவினை வந்ததும் தொடர் முடிந்தது என்பதைச் செவியே அறியும். நிறுத்தக்குறிகள் ஐரோப்பிய அச்சுத்தொழிலோடு வளர்ந்தவை. அரைப்புள்ளி 1490-களில் வெனிசு நகரத்து ஆல்டசு மனுத்தியசின் அச்சகத்தில் தோன்றியது. ஆங்கிலத்தில் முற்றுவினை தொடரின் நடுவே நிற்பதால், ஒரு கிளவியம் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதை வினையின் ஈறு காட்டாது. ஆதலின் அங்கு இரு கிளவியங்களைத் தாங்கும் வலிமை காற்புள்ளிக்கு இல்லை. காற்புள்ளியோடு எழுவகை இணைப்புச் சொற்களுள் ஒன்று வேண்டும். இன்றேல் அரைப்புள்ளி வேண்டும். அதுவும் இன்றேல் முற்றுப்புள்ளியே இட்டுப் பிரித்தல் வேண்டும். இதனை இக் கரணியத்தோடு சொன்னால் மாணவன் மறவான்.

இரண்டாவது, 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' என்றும் இடுவது. 'பிகாசு' என்று தொடங்கிச் 'சோ' என்றும் இடுவது. இவன் 'ஆல்தோ' என்றால் 'ஆனாலும்', 'பட்' என்றால் 'ஆனால்' என்று சொல்லுக்குச் சொல் பொருளை நெட்டுருச் செய்தவன். இரண்டு கருத்தும் தன் தொடரில் இருப்பதாக எண்ணி இரண்டு சொல்லையும் இடுகிறான். 'வறியவனாயினும் வாய்மை தவறான்' என்னும் தமிழ்த்தொடரை அவன்முன் வைத்து, 'ஆயினும் என்னும் ஈறு ஒன்று வந்தபின் ஆனால் என்று மீண்டும் சொல்வாயா?' என்று கேட்டால், 'சொல்லேன்' என்பான். அஃதே நெறி: ஒரு மூட்டுக்கு ஓர் ஆணி.

மூன்றாவது, 'பிகாசு' கிளவியத்தைத் தனியே நிறுத்துவது. தமிழில் 'அவன் வரவில்லை. ஏனெனில் அவனுக்குக் காய்ச்சல்' என்று இரு தொடராய் எழுதலாம். 'ஏனெனில்' முழுத்தொடரின் தலையில் நிற்கும் சொல். 'பிகாசு' என்பதற்கு 'ஏனெனில்' என்று பொருள் கூறியதே இப் பிழைக்கு வித்து. அதற்கு நேரானது 'ஆதலால்', 'ததால்' என்னும் எச்ச ஈறு. 'அவனுக்குக் காய்ச்சல் வந்ததால்' என்று சொல்லி எவரேனும் முற்றுப்புள்ளி இடுவரோ?

நான்காவது, 'நீ எங்கே போகிறாய் என்று கேட்டான்' என்பதனை ஆங்கிலமாக்கும்போது நேர்வது. தமிழில் 'என்று' என்னும் சொல் பிறர் கூற்றை அவர் கூறியவாறே ஏற்கும். வினா வினாவாகவே நிற்கும். ஆங்கிலத்திலோ வினாக்கூற்று சார்பு கிளவியமாகிய உடனே வினாவின் வரிசையை இழந்து, எழுவாய் முன்னும் வினை பின்னுமாக மாறும். 'நீ' என்பது 'யான்' ஆகும். தலைமை வினை இறந்தகாலத்ததாயின் சார்பு வினையும் பெரும்பாலும் ஒரு படி பின்செல்லும். 'என்று' இருந்த இடத்தில் ஆங்கிலத்தின் இம் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன என்று ஒரே ஒருமுறை கரும்பலகையில் ஒப்பிட்டுக் காட்டினால் போதும். ஆண்டுக்கணக்காக நீளும் பிழை அன்றே நிற்கும்.

ஐந்தாவது, 'மழை பெய்தால் ஆட்டம் நடவாது' என்பது. 'பெய்தால்' என்பதில் இறந்தகால உருவே உளது, பொருளோ எதிர்காலம். ஆங்கிலத்தில் இத்தகைய 'இஃப்' கிளவியம் நிகழ்கால வினை பெறும். தலைமைக் கிளவியமே எதிர்காலம் காட்டும். பொருள் எதிர்காலம் என்பதை மட்டும் அறிந்த சிறுவன் இரண்டிடத்தும் 'வில்' என்று இடுகிறான். எச்சம் தானே காலம் காட்டாது முற்றின் காலத்தைச் சார்ந்து நிற்பதனைத் தமிழில் உணர்ந்தவனுக்கு இஃது எளிதில் விளங்கும்.

பிழை களைய மட்டுமன்றி நுட்பம் விளக்கவும் தமிழிலக்கணம் உதவும். 'தெருவில் நடந்து பாம்பு அவனைக் கடித்தது' என்று எழுதினால் தமிழ்ச்செவி உடனே, 'நடந்தது யார்? பாம்போ?' என்று வினவும். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியல் நெறி. வேறு வினைமுதல் வரின், 'அவன் தெருவில் நடக்கையில் பாம்பு கடித்தது' என்று வாய்பாட்டை மாற்றல் வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் பெரும்பிழையாகக் கடிந்துரைக்கும் 'தொங்கும் எச்சம்' என்பது இதுவே. 'வாக்கிங்' என்று எச்சத்தால் தொடங்கினால் நடந்தவனே தலைமைக் கிளவியத்தின் எழுவாயாதல் வேண்டும். அன்றேல் 'வென்' என்று தொடங்கிச் சார்பு கிளவியத்திற்குத் தனி எழுவாய் தருதல் வேண்டும். தொல்காப்பியம் கற்ற தமிழாசிரியர் ஒருவர் ஐந்தே நொடியில் விளக்கக்கூடிய இதனை, ஆங்கில ஆசிரியர் ஐந்து ஆண்டு திருத்தியும் மாற்ற இயலாது தவிக்கிறார். ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறையில் இருவரும் உளர். இடையில் ஒரு சுவர்.

தமிழ் காட்டாத வேறுபாட்டை ஆங்கிலம் காட்டும் இடமும் உண்டு. அதனையும் மறைத்தல் கூடாது. 'படித்த மாணவர் தேறினர்' என்னும் தொடரில், படித்தவர் மட்டும் தேறினர் எனவும் கொள்ளலாம்; மாணவர் எல்லாரும் படித்தனர், எல்லாரும் தேறினர் எனவும் கொள்ளலாம். பெயரெச்சம் இரண்டிற்கும் பொது. இடத்தை நோக்கியே பொருள் தெளியும். ஆங்கிலத்தில் 'ஊ' கிளவியத்தின் இருபுறமும் காற்புள்ளி இட்டால் எல்லாரையும் குறிக்கும். இடாவிடின் படித்தவரை மட்டும் பிரித்துக் குறிக்கும். ஒரு காற்புள்ளியால் பொருள் முற்றும் மாறும். ஒப்பிட்டுக் கற்பிக்கும்போதுதான் இத்தகைய இடங்களில் மாணவன் விழிப்பான்.

இன்றைய பள்ளிகளில் நடப்பதென்ன? பி. சி. இரென், எச். மார்ட்டின் என்னும் இருவர் 1930-களில் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் தலைமுறை தலைமுறையாக இந்நாட்டில் வழங்குகிறது. தொடர்களை இணைக்கும் பயிற்சி அதில் விரிவாகவே உளது. நூலும் நல்ல நூலே. ஆயின் அது தமிழ்மாணவனை நினைந்து எழுதப்பட்டதன்று. அதனினும் கீழ்ப்பட்ட வழிகாட்டி நூல்களோ, 'இன் சுபைட் ஆவ்' வந்தால் தனித்தொடர், 'பட்' வந்தால் கூட்டுத்தொடர், 'ஆல்தோ' வந்தால் கலவைத்தொடர் என்று வாய்பாடு மட்டும் தருகின்றன. ஏன் என்று கூறுவதில்லை. தமிழில் கூறுக: 'வறுமையிலும் அவன் வாய்மை தவறான்' என்பதில் வறுமை என்பது பெயர், வினை ஒன்றே, ஆதலின் தனித்தொடர். 'அவன் வறியவன், ஆனால் வாய்மை தவறான்' என்பதில் பயனிலை இரண்டும் ஒத்து நிற்கின்றன, ஆதலின் கூட்டுத்தொடர். 'அவன் வறியவனாயினும் வாய்மை தவறான்' என்பதில் ஒன்று எச்சமாய்ச் சார்கிறது, ஆதலின் கலவைத்தொடர். மூன்றும் விளங்கின. நெட்டுரு வேண்டா.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும். தமிழ் ஊடே வந்தால் ஆங்கிலம் கெடும் என்பர். ஆங்கிலத்தை நிறையக் கேட்டும் பேசியும் படித்தும் பழகவேண்டும் என்பது மெய்யே. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயின் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேளாத சிற்றூர் மாணவனுக்குக் கிழமையில் சில மணி நேரமே அப் பழக்கம் வாய்க்கும். தமிழை வகுப்பிலிருந்து வெளியேற்றலாம். அவன் உள்ளத்திலிருந்து வெளியேற்ற இயலாது. அது மறைவில் நின்று பிழையை விளைத்துக்கொண்டே இருக்கும். வெளிப்படையாக அழைத்து அருகில் அமர்த்தினால் அதுவே ஆசானாகும்.

இதன் மறுபக்கமோ இன்னும் வருந்தத்தக்கது. ஆங்கிலத் தொடரைச் செவ்வையாக அமைக்கக் கற்பிக்காத கல்வி, தமிழ்த்தொடரை ஆங்கிலம்போல் அமைக்க மட்டும் கற்பித்துவிட்டது. 'அண்ட்' என்னும் ஒரு சொல்லுக்காக 'மற்றும்' என்பது எங்கும் புகுந்துவிட்டது. 'அவர் அறிஞரும் பேச்சாளரும் ஆவார்' என்னும் எண்ணும்மை மறைந்து, 'அவர் அறிஞர் மற்றும் பேச்சாளர்' என்றாயிற்று. 'கதவைத் திறந்து உள்ளே வா' என்னும் எச்சம் மறைந்து, 'கதவைத் திற மற்றும் உள்ளே வா' என்னும் அளவிற்கு மொழிபெயர்ப்பு இழிந்தது. 'கட்டணம் கட்டாத மாணவர் தேர்வு எழுத முடியாது' என்று ஆறு சொல்லில் முடிவதனை, 'எந்த மாணவர்கள் கட்டணம் கட்டவில்லையோ அவர்கள் தேர்வு எழுத முடியாது' என்று எட்டுச் சொல்லாக நீட்டுகின்றனர். 'எவன் … அவன்' என்னும் அமைப்பு தமிழுக்கு முற்றும் அயலன்று. வரையறையின்றி யாவரையும் தழுவிக் கூறவேண்டிய இடத்தில் அது பொருந்தும். பெயரெச்சம் ஒன்றால் முடியும் இடத்திலெல்லாம் அதனைத் திணிப்பதே பிழை. இன்று கைப்பேசியிலும் கணினியிலும் எந்திரம் மொழிபெயர்த்துத் தரும் தமிழும் பலவிடத்து இவ்வாறே இருக்கிறது. மாந்தர் எழுதிவைத்த தமிழைப் படித்தே எந்திரம் கற்கிறது. ஆதலின் அதன் பிழைக்கும் மாந்தரே பொறுப்பு.

இவ்வாறு இரு பக்கமும் இழப்பு நேர்கிறது. தமிழ்மாணவன் ஆங்கிலத்தில் எச்சத்தைத் தேடித் தடுமாறுகிறான். தமிழில் இணைப்புச் சொல்லைத் தேடித் தடுமாறுகிறான். ஒரு மொழியையும் முழுமையாகப் பெறாத தலைமுறை உருவாவதினும் பெருங்கேடு ஒரு நாட்டிற்கு வேறில்லை. தொடரை அமைக்கத் தெரியாதவன் கருத்தைத் தொடுக்கவும் தடுமாறுவான். ஏதுவையும் முடிபையும், நிலைமையையும் விளைவையும் பிரித்துணர மாட்டாதவனை எவரும் எளிதில் ஏமாற்றலாம்.

ஆகவே, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கிழமைக்கு ஒரு வேளையேனும் ஒருங்கு அமர்ந்து, எச்சத்தையும் கிளவியத்தையும் ஒப்பிட்டுக் கற்பிக்க. பாடநூல் எழுதுவோர், தமிழ்மாணவன் செய்யும் பிழைகளைத் தொகுத்து, அவற்றின் கரணியத்தைத் தமிழில் விளக்கும் பகுதி ஒன்றை ஆங்கில நூலிலேயே சேர்க்க. இதழாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் 'மற்றும்' என்று எழுதப் புகும் ஒவ்வொரு முறையும், உம்மையோ எச்சமோ அவ்விடத்திற்குப் போதுமா என்று ஒரு நொடி நின்று எண்ணுக. பெற்றோர், தம் மகன் ஆங்கிலத்தில் தவறினான் என்பதற்காக அவன் தமிழ்ப்பாடத்தைக் குறைக்காதொழிக, கூட்டுக.

ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்க. தமிழைத் தமிழாக எழுதுக. முற்றும் எச்சமும் அறிந்த தமிழ்மகனுக்கு எம் மொழியின் கிளவியமும் அயலாய் நில்லாது.